அவள் எழுதிவைத்த எடைக் கணக்கு

என் மனைவியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில், அவள் முப்பத்து நான்கு வருஷம் எழுதிச் சேர்த்த நோட்டுகள் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. வீடு கழுவ வந்த சொந்தக்காரப் பெண்கள் பரணில் இருந்ததையெல்லாம் இறக்கிப் போட்டார்கள். பழைய நாளிதழ்கள், பேத்தியின் ஒன்றாம் வகுப்புப் புத்தகங்கள், கம்பி ஒடிந்த குடை, அவற்றோடு ஒரு சாக்கில் கட்டிவைத்திருந்த நோட்டுகள். “மாமா, இதெல்லாம் வேணுங்களா?” என்று கேட்டார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் “போட்டுடுங்கம்மா” என்றேன். கிலோ 14 ரூபாய் வீதம் பதினொரு கிலோ. 154 ரூபாயைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்கள்.

பத்து நாள் கழித்து, அவளுடைய பென்ஷன் காகிதத்தைத் தேடிக்கொண்டு அரிசி டிரம்மை நகர்த்தினேன். டிரம் ஆடாமல் இருக்க அடியில் மூன்று நோட்டுகளை முட்டுக் கொடுத்திருந்தாள். எடுத்துத் தூசி தட்டிப் பிரித்தேன். பால்வாடிக் குழந்தைகளின் பெயர், மாதம், எடை. ஓரத்தில் பொடி எழுத்தில் குறிப்புகள். ‘வயிற்றுப்போக்கு, இரண்டு நாள் வரவில்லை.’ ‘அம்மா தறிக்குப் போகிறாள், பாட்டி வளர்ப்பு.’ ‘முட்டையில் மஞ்சள் கருவை மட்டும் தின்கிறான்.’ அப்போதுதான் சாக்கில் என்ன போனது என்று உறைத்தது. செருப்புகூடப் போடாமல் கடைக்கு ஓடினேன். “லோடு போன வாரமே போயிடுச்சுங்க ஐயா” என்றார் கடைக்காரர். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

அதனால் இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன். வீட்டில் ஒருவர் போய்விட்டால், ஒரு வருஷத்துக்கு அவர் கைப்பட எழுதிய துண்டுச் சீட்டைக்கூட வெளியே விடாதீர்கள். புடவையைக் கொடுங்கள், பாத்திரத்தைக் கொடுங்கள், அது நல்லதுதான். எழுத்தை மட்டும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு ஒட்டி, மேலே தேதி எழுதி, பீரோவுக்கு மேல் வைத்துவிடுங்கள். மளிகைச் சீட்டாக இருந்தாலும் சரி, கோலப் புள்ளிக் கணக்காக இருந்தாலும் சரி. எது வேண்டும் எது வேண்டாம் என்று பிரிக்கிற நிலையில் அந்தப் பதினாறு நாளில் யாருடைய மனசும் இருக்காது.

நான் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். சேலம்–ஏற்காடு தடத்தில் பல வருஷம் டூட்டி பார்த்திருக்கிறேன். வீடு கன்னங்குறிச்சியில். அவள் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து மேஸ்திரியின் இளைய மகள். 1984-ல் எங்களுக்குக் கல்யாணம். 1988-ல் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் பால்வாடி டீச்சராகச் சேர்ந்தாள். ஆவணங்களில் அங்கன்வாடிப் பணியாளர், ஊருக்கு டீச்சரம்மா. ஒரு மகள், ஒரு மகன். 2022-ல் ஓய்வு பெற்றாள். 2023 ஐப்பசியில் போய்விட்டாள்.

39 வருஷம் சேர்ந்து வாழ்ந்திருக்கிறோம். அவளை எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். விடிகாலை டூட்டிக்கு எழுந்து காப்பி போட்டுக் கொடுத்தவளைத் தெரியும். ராத்திரி நான் வந்ததும் சோறு எடுத்துவைத்தவளைத் தெரியும். நடுவில் இருந்த அந்தப் பத்து மணி நேரம் அவள் யாராக இருந்தாள் என்று நான் கேட்டதே இல்லை. அவள் போன பிறகு இரண்டு வருஷமாக அதைத்தான் கேட்டுக்கொண்டு திரிகிறேன்.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வேறு யாருக்காவது உதவும். ஓய்வு பெற்ற கொஞ்ச நாளிலேயே ‘வயிறு உப்பிக்கொண்டே இருக்கிறது’ என்றாள். இரண்டு இட்லி சாப்பிட்டால் போதும், வயிறு நிரம்பிவிட்டது என்பாள். ஒரு கிளினிக்கில் வாயு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். ஐந்து மாதம் அதையே விழுங்கினாள். ஸ்கேன் எடுத்தபோது சினைப்பையில் புற்றுநோய், அதுவும் பரவியிருந்தது. இந்த நோய் பெரும்பாலும் இப்படித்தான் சத்தமில்லாமல் வருமாம். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு வயிற்று உப்பிசம், சீக்கிரம் வயிறு நிரம்புவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் போவது, இதில் எதுவாவது புதிதாக வந்து வாரக்கணக்கில் நீடித்தால், “ஒரு ஸ்கேன் பார்த்துடலாமா டாக்டர்?” என்று நீங்களே வாயைத் திறந்து கேளுங்கள். சிஏ 125 என்று ஒரு ரத்தப் பரிசோதனையும் உண்டு. நாங்கள் கேட்கவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பலரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். “சுமங்கலியா போயிட்டா, புண்ணியவதி.” மஞ்சள் பூசி, கல்யாணப் புடவை போர்த்தி, தலை நிறையப் பூ வைத்து அனுப்பினோம். சொன்னவர்கள் நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஆனால் அந்த வார்த்தை எனக்கு ஆறுதலாக இல்லை. நான் உயிரோடு இருப்பதுதான் அவளுக்குப் பெருமை என்றால், அவள் வாழ்ந்ததற்கு என்ன கணக்கு? அவளோடு வேலை பார்த்த ஒரு அம்மா மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்து, “சத்துமாவுக் கொழுக்கட்டைய சின்ன மீன் மாதிரி பிடிச்சுக் கொடுப்பாங்க சார், அப்பத்தான் பிள்ளைங்க திங்கும்” என்றார். அன்றைக்கு அழுகை வந்தது அதற்குத்தான். துக்க வீட்டுக்குப் போகிறவர்கள், போனவரைப் பற்றி உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சொல்லிவிட்டு வாருங்கள். சின்ன விஷயமாக இருந்தால் இன்னும் நல்லது.

காகித வேலைகள் வரிசை கட்டி வந்தன. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். வீடு எங்கே இருந்தாலும், உயிர் எந்த ஊரில் பிரிந்ததோ அந்த உள்ளாட்சியில்தான் சான்றிதழ் கிடைக்கும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, தாசில்தார் அலுவலகம் வழியாக வாங்க வேண்டும். எங்களைப் போன்ற இந்துக் குடும்பத்தில், பெண் உயில் எழுதாமல் இறந்தால் 1956-ஆம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டப்படி கணவனும் பிள்ளைகளும் சம பங்கு. பிள்ளைகளோ அவர்கள் வழிப் பேரப்பிள்ளைகளோ இல்லாவிட்டால் மட்டும், அவளுக்குத் தாய் தகப்பன் வழியில் வந்த சொத்து கணவனுக்கு வராமல் அவள் அப்பாவின் வாரிசுகளுக்குப் போகும். வங்கியில் நாமினி என்று பெயர் இருப்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளலாமே தவிர, அதனால் மற்ற வாரிசுகளின் உரிமை போய்விடாது. இதெல்லாம் கேட்டால் யாரும் சொல்வார்கள்.

என்னை உட்கார வைத்தது இனிஷியல்தான். அவளுடைய எஸ்எஸ்எல்சி புத்தகத்தில், வேலையில் சேர்ந்த ஆணையில், பழைய வங்கிக் கணக்கில் எல்லாம் அவள் அப்பாவின் இனிஷியல். ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் என் இனிஷியல். இறப்புச் சான்றிதழை ஆதாரைப் பார்த்து எழுதிவிட்டார்கள். இரண்டு பேரும் ஒருவர்தான் என்று நிரூபிக்க நாலு மாதம் அலைந்தேன். மனைவியோ அம்மாவோ உயிரோடு இருக்கும்போதே அவர்களுடைய எல்லா ஆவணங்களையும் ஒரு சாயங்காலம் தரையில் பரப்பி, பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவர்களே கையெழுத்துப் போட்டு மாற்றுவது சுலபம். அப்புறம் ரொம்பக் கஷ்டம்.

அந்த அலைச்சலில் ஒரு நாள் அவளுடைய எஸ்எஸ்எல்சி புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். அதில் இருந்த பெண்ணை எனக்கு அறிமுகமே இல்லை. எந்தப் பள்ளிக்கு எப்படிப் போனாள்? பத்தாவது வரை படிக்க யார் விட்டார்கள்? எதுவும் தெரியவில்லை. மகளிடம் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. தெரிந்தவர் ஒருவர்தான் மிச்சம். என் மனைவியின் அக்கா. வயது எழுபத்தேழு, ஏற்காட்டில்தான் இருக்கிறார். சரி, போய்க் கேட்டுவிடலாம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அதற்கு முன்னால் குரலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், அதிலும் தவறிவிட்டேன். அவள் போனைப் பெட்டியில் வைத்துவிட்டு ரீசார்ஜ் செய்வதை நிறுத்திவிட்டேன். 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் அந்த எண்ணை நிறுத்திவிடலாம் என்பதும், பிறகு அது வேறு ஒருவருக்குப் போகும் என்பதும் எனக்குத் தெரியாது. ஒரு நாள் என் மகன் அந்த எண்ணைக் கூப்பிட்டிருக்கிறான், சும்மா, ரிங் போவதைக் கேட்க. யாரோ ஒரு பையன் எடுத்துப் பேசினான். மகன் அன்று சாப்பிடவில்லை. நல்லவேளை, அவள் அனுப்பிய குரல் செய்திகள் என் போனில் இருந்தன. மகன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து, கணினியில் ஒன்றும் பென்டிரைவில் ஒன்றுமாகச் சேமித்தான். மொத்தம் அறுபத்திரண்டு. எல்லாம் சாதாரணப் பேச்சு. “என்னங்க, வர்றப்ப அரை லிட்டர் பால் வாங்கிட்டு வந்துடுங்க. பச்சை பாக்கெட், நீலம் வேண்டாம்.” பின்னால் குக்கர் விசில். அந்த விசிலோடு சேர்ந்த குரல்தான் எங்களுக்கு வேண்டியிருக்கிறது. மேடையில் பேசிய வீடியோவும் ஒன்று இருக்கிறது, ஓய்வு பெற்ற நாளில் எடுத்தது. அதை யாரும் இரண்டாவது தடவை போட்டுப் பார்க்கவில்லை. அந்த எண்ணுக்கு மட்டும் ஒரு வருஷமாவது ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள். வங்கிக்கும் ஆதாருக்கும் வருகிற ஓடிபிக்கும் அது வேண்டும்.

2024 பங்குனியில் ஏற்காட்டுக்குப் போனேன். இருபது கொண்டை ஊசி வளைவையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவன், அன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். அந்த வாரம் பூ மழை பெய்திருந்தது. மழை விழுந்து எட்டு பத்து நாளில் காப்பிச் செடி மொத்தமும் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும், மல்லிகை மாதிரி வாசம் வரும், இரண்டு மூன்று நாள்தான், அப்புறம் கருகிவிடும். 1820-களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை கொண்டுவந்து வைத்த செடி என்று பயணிகளுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அதில் பழம் பறித்துத்தான் இவர்கள் குடும்பமே பிழைத்தது என்பதை ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்தது இல்லை.

அக்காவிடம் போனதும் தப்பான கேள்வியைக் கேட்டேன். “சின்ன வயசுல அவ எப்படி இருப்பாக்கா?” என்றேன். “தங்கமான பொண்ணு மாப்ளே” என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டார். அவ்வளவுதான் வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேறு மாதிரி கேட்டேன். “பள்ளிக்கூடம் விட்டு வந்தா முதல்ல எங்க போவா?” இந்தக் கேள்விக்கு அக்கா சாயங்காலம் வரை பேசினார்.

பள்ளிக்கூடம் விட்டதும் நேராகத் தோட்டத்தில் பழம் நிறுக்கிற இடத்துக்குப் போவாளாம். கார்த்திகை, மார்கழி, தையில் பறிப்பு. பெண்கள் பறித்த பழத்தைச் சாக்கில் சுமந்து வந்து வரிசையில் நிற்பார்கள், எடைக்குத் தகுந்த கூலி. இவள் தராசுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வாள். ஒன்பது பத்து வயசு. யார் சாக்கு எவ்வளவு என்று ஸ்லேட்டில் எழுதுவாள். சாயங்காலம் கூலிக் கணக்கு வாசிக்கும்போது எங்கேயாவது குறைந்தால், அந்தப் பெண்ணின் முந்தானையைப் பிடித்து இழுத்து ஸ்லேட்டைக் காட்டுவாள். சத்தம் போட மாட்டாள். “எங்க அப்பா மேஸ்திரி. அவருக்கே கோவம் வரும். ஆனா ஒண்ணும் சொல்ல முடியாது, எழுதியில்ல வச்சிருக்கா!” என்று அக்கா சிரித்தார். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுத்ததும் இவள்தான். ஒரு கடிதத்துக்குக் கூலி ஒரு கமலா ஆரஞ்சு. எட்டாவதோடு நிறுத்தப் பார்த்தபோது, அந்தப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்து, “இவ படிக்கலைன்னா எங்களுக்கு யாரு எழுதுவா?” என்று மேஸ்திரியிடம் நின்றிருக்கிறார்கள். அப்படித்தான் பத்தாவது முடித்திருக்கிறாள்.

39 வருஷம் ஆரஞ்சுச் சுளையை உரித்து என் கையில் கொடுத்திருக்கிறாள். இதைச் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை என்பதுதான் சரி.

அன்றிலிருந்து ஒரு முறையை வைத்துக்கொண்டேன். யாரைப் பார்க்கப் போனாலும் ‘அவள் எப்படிப்பட்டவள்?’ என்று கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு எல்லோரிடமும் ஒரே பதில்தான் இருக்கும். ‘கடைசியாக எங்கே பார்த்தீர்கள், என்ன பேசினீர்கள், கையில் என்ன வைத்திருந்தாள்?’ என்று கேட்பேன். ஒரு பழைய போட்டோவைக் கொண்டுபோய்க் கையில் கொடுப்பேன். படம் கையில் இருந்தால் பேச்சு தானாக வரும். பதிவு செய்யலாமா என்று கேட்டுவிட்டுப் போனை மேஜை மேல் குப்புற வைத்துவிடுவேன். வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே தேதியும் இடமும் போட்டு நோட்டில் எழுதிவிடுவேன், மறுநாள் என்று தள்ளினால் பாதி போய்விடும். வயதானவர்களை முதலில் பார்க்க வேண்டும். அவளுடைய சித்தப்பா ஒருவரைச் சித்திரை கழியட்டும் என்று தள்ளிப்போட்டேன். வைகாசியில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

போட்டோவுக்கும் சிரமப்பட்டோம். அவள் தனியாக இருக்கிற படம் நாலுதான். மற்றதெல்லாம் கல்யாண வீட்டுக் கூட்டத்தில் ஓரமாக நிற்கிறாள், அல்லது பேரக்குழந்தையைத் தூக்கிக் காட்டுகிறாள். ஃபிரேம் போட்ட படம்கூட ஒரு கும்பலிலிருந்து வெட்டி எடுத்ததுதான், தோளில் இன்னொருவர் கை தெரிகிறது. உங்கள் வீட்டு அம்மாவை, வேலை செய்துகொண்டிருக்கும்போது, பக்கத்து ஜன்னல் வெளிச்சத்தில் நாலு படம் எடுத்து வையுங்கள்.

இப்போது அந்த மூன்று நோட்டுகளுக்கு வருகிறேன். இரண்டில் வழக்கமான கணக்கு. மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு குழந்தையின் எடையும் எழுதியிருந்தாள். மூன்றாவது 1993-ஆம் வருஷத்து நோட்டு. அதில் ஒரு பக்கம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. மேலே பெயர் இல்லை. ‘பெ. கு.’ என்று மட்டும் இருந்தது, பெண் குழந்தை. கீழே தினமும் ஒரு எடை. 2.3. 2.2. 2.2. 2.1. 2.2. அந்தத் தராசில் நூறு கிராமுக்குக் கீழே தெரியாது, அதனால் ஒரே எண் நாலு நாள் ஐந்து நாள் அப்படியே நிற்கிறது. மாறாத எண்ணைத் தினமும் எதற்கு எழுதினாள்? மாட்டுப் பொங்கலன்றுகூட எழுதியிருக்கிறாள். மொத்தம் நாற்பத்தொரு நாள். கடைசி வரியில் 3.2 என்று எழுதி, பக்கத்தில் முதல் தடவையாக ஒரு பெயர். அதோடு நிற்கிறது.

அந்தப் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, அவளோடு ஆயாவாக வேலை பார்த்த அம்மாவைத் தேடிப் போனேன். அவருக்குக் கண் மங்கிவிட்டது. நான் எண்களை வாசித்தேன். மூன்றாவது எண்ணிலேயே கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

அந்தக் காலத்துச் சேலத்தை நினைவில் வைத்திருக்கிறவர்களுக்குப் புரியும். பெண் குழந்தை பிறந்தால் கள்ளிப்பாலும் நெல்மணியும் என்று பேசிய காலம். 1992-ல் ஜெயலலிதா ஆட்சியில் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் தொடங்கியது நம் சேலம் மாவட்டத்தில்தான். வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாதீர்கள், இந்தத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்று அரசே சொல்ல வேண்டியிருந்தது.

ஆயா சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். “மூணாவதும் பொண்ணு சார். மாமியாக்காரி மூஞ்சியே சரியில்ல. டீச்சரு அன்னைக்கே தராசத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. ‘பெரிய ஆபீஸ்ல இருந்து ஆர்டர் வந்திருக்கு, இந்தக் குழந்தைய மட்டும் தெனமும் எடை போட்டு எழுதி அனுப்பணும்’னு சொன்னாங்க. அப்படி ஒரு ஆர்டரே இல்ல சார். தெனமும் சாயங்காலம் போவோம். உத்தரத்துல தராச மாட்டி, பையில குழந்தையப் போட்டுத் தொங்கவிடுவோம். நாளைக்கும் டீச்சரு வரும், எடை கேக்கும்னா, அவங்க என்ன பண்ண முடியும்?”

“நாற்பத்தொரு நாளோட ஏன்மா நின்னுடுச்சு?” என்று கேட்டேன்.

“பேரு வச்சுட்டாங்களே சார். அப்புறம் எதுக்குப் போறது?”

அந்தப் பையை நான் பார்த்திருக்கிறேன். ஆபீசில் கொடுத்த முரட்டுத் துணிப் பையில் போட்டால் குழந்தைகள் கத்துகின்றன என்று, தன் பழைய சுங்குடிப் புடவையைக் கிழித்து, இரண்டு கால் நுழைய ஓட்டை வைத்து, கையாலேயே தைத்தாள். மடியில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தபோது, “ராத்திரியில எதுக்கு லைட்டப் போட்டு வச்சிருக்க?” என்று கேட்டவன் நான்.

அந்தத் தை மாதமும் எனக்கு நினைவிருக்கிறது. தினமும் இருட்டிய பிறகுதான் வருவாள். மகனுக்கு அப்போது நாலு வயசு, பக்கத்து வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவான். ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. “ஊரான் பிள்ளைக்கு எடை போடத் தெரியுது, உன் பிள்ளைக்குச் சோறு போடத் தெரியலையா?” என்று கேட்டேன். தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்துவிட்டேன். அவள் “வேலை இருந்துச்சுங்க” என்று மட்டும் சொன்னாள். என்ன வேலை என்று நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா, தெரியாது. ஆயாவின் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து அந்த வார்த்தையைத் திரும்ப நினைத்தேன். அதை இனி யாரிடம் திருப்பி வாங்க முடியும்?

தலை திவசத்துக்கு ஒரு நினைவு மலர் போட்டோம். நாற்பது பக்கம், நூற்றைம்பது படி, செவ்வாய்ப்பேட்டையில் ஒரு அச்சகத்தில். மலர் போட நினைப்பவர்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். எழுதித் தருகிறவர்களிடம் ‘ஒரே ஒரு சம்பவம், அரைப் பக்கம்’ என்று கேளுங்கள். இல்லாவிட்டால் ‘அன்பின் சிகரம், பண்பின் இமயம்’ என்று எல்லோரும் ஒரே மாதிரி எழுதித் தருவார்கள். எழுத வராதவர்களைப் பேசச் சொல்லி நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், ஆயா பேசிய கொழுக்கட்டைப் பக்கம்தான் மலரிலேயே நல்ல பக்கம். மொழியைத் திருத்தாதீர்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் அவளை ‘இன்னாருடைய மனைவி’ என்று போட்டுவிட்டோம். மலரில் அவள் பெயருக்குக் கீழே ‘பால்வாடி டீச்சர், 1988–2022’ என்று போட்டோம். பெயருக்கு முன்னால் இரண்டு இனிஷியலும்.

1993-ஆம் வருஷத்து அந்தப் பக்கத்தை மலரில் போடவில்லை. மகன் போடலாம் என்றான், மகள் வேண்டாம் என்றாள். நான் மகள் பக்கம். அந்தப் பெண்ணுக்கு இப்போது முப்பது தாண்டியிருக்கும். தான் பிறந்த கதை அவளுக்குத் தெரியுமா, தெரிய வேண்டுமா என்பதை நாங்கள் முடிவு செய்யக்கூடாது. முப்பது வருஷம் புருஷனிடம்கூடச் சொல்லாமல் என் மனைவி காத்ததை அச்சில் போட எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் இங்கேயும் ஊர்ப் பெயரை எழுதவில்லை. சேகரிக்கிறவர்கள் கையில் இப்படி ஏதாவது ஒன்று கட்டாயம் வந்து சேரும். எல்லாவற்றையும் எழுதி வையுங்கள், எல்லாவற்றையும் வெளியிட வேண்டியதில்லை.

முதல் வருஷம் பண்டிகை எதுவும் இல்லை. இந்த வருஷம் ஆடி ஒன்றாம் தேதி தேங்காய் சுட்டோம். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும், எங்கள் பக்கத்தில் ஆடி பிறப்பது தேங்காய் சுடுவதோடுதான். ஒரு மாதத்துக்கு முன்பே அழிஞ்சில் குச்சி எங்கே கிடைக்கும் என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவாள் அவள். நாரை உரித்த தேங்காயை வாசல் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து தேய் தேய் என்று தேய்ப்பாள், ஓடு வழுவழுப்பாகி, கன்னத்தில் வைத்தால் குறுகுறுக்காமல் இருக்கும் வரைக்கும். பேத்தியின் கன்னத்தில் வைத்துப் பார்த்துத்தான் போதும் என்பாள்.

இந்தத் தடவை தேய்த்தது நான். மூன்று கண்ணில் ஒன்றைத் துளைத்து, தண்ணீரைத் தம்ளரில் இறக்கினோம். உள்ளே போடுகிற பூரணத்துக்குத்தான் சண்டை வந்தது. பச்சரிசி, பாசிப்பருப்பு, எள், பொட்டுக்கடலை, வெல்லம், ஏலக்காய், இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அளவு யாருக்கும் தெரியவில்லை. எள்ளை வறுத்துப் போடுவாள் என்றாள் மகள். வறுக்கவே மாட்டாள் என்றார் பக்கத்து வீட்டு அம்மா. ஏற்காட்டுக்குப் போன் போட்டோம். “பருப்பத்தான் வறுப்பா, எள்ள வெயில்ல வைப்பா” என்றார் அக்கா. அவள் எப்போதும் அளக்கிற நெளிந்த பித்தளைத் தம்ளர் இருந்தது. மருந்து ஊற்றுகிற மூடியால் தண்ணீர் ஊற்றி அளந்தோம், 160 மில்லி பிடித்தது. அதை எழுதிக்கொண்டு, அரிசியும் பருப்பும் வெல்லமும் அந்தக் கணக்கில் கலந்து, கண் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குச்சியால் குத்தி நிரப்பினோம். எடுத்துவைத்த இளநீரைக் கொஞ்சம் திரும்ப ஊற்றி, அழிஞ்சில் குச்சியைச் சீவிக் கண்ணில் செருகி, மஞ்சள் பூசினாள் மகள்.

வாசலில் நெருப்பு மூட்டித் திருப்பித் திருப்பிச் சுட்டோம். தெருவில் பத்து வீட்டு வாசலிலும் நெருப்பு. ஓடு கருகி, ஒரு பக்கம் படக்கென்று விரிசல் விட்டு, உள்ளிருந்து வெல்லம் கொதித்து வழிந்தது. பிள்ளையாருக்கு வைத்துவிட்டு, அவள் படத்துக்கு முன்னால் ஒரு பாதியை வைத்தோம். மறுபாதியைப் பேத்தியிடம் கொடுத்தேன். ஊதி ஊதி ஒரு வாய் தின்றாள். “நல்லாருக்கு தாத்தா. ஆனா பாட்டி செஞ்சதுல வெல்லம் இன்னும் கொஞ்சம் இருக்கும்” என்றாள்.

“எவ்வளவுன்னு தோணுது?” என்று கேட்டேன். உள்ளங்கையைக் குவித்துக் காட்டினாள். நோட்டை எடுத்துவரச் சொல்லி, அவள் கையாலேயே அதை எழுதச் சொன்னேன்.